பந்தி பிரிக்காத பதிவு

போன வாரம் என் அண்ணா இறந்துபோனார் — கொஞ்ச நேரத்துக்கு.

அண்ணா இருப்பது குடாவுக்கு அக்கரையில், கட்டைபறிச்சானில். சண்டை மூண்டு ஷெல்லடி தொடங்கியதிலிருந்து படகும் இல்லை, தொலைபேசியும் இல்லை. அங்கிருந்து தப்பி வருகிற சனத்திடம் கேட்டறிந்து, தன் வலைப்பதிவில் உடனே எழுதுகிறவர் நிமலன் என்ற இளைஞர். திருகோணமலையில் இருக்கும் எங்களுக்கு அதுதான் செய்தி.

வேலை முடிந்து துறைமுகப் பக்கம் இருக்கிற இன்ரநெற் கபேக்குப் போனேன். பதிவைத் திறந்தால்... கறுப்புப் பின்னணி. எறும்பளவு எழுத்து. தலைப்பில்லை, பந்தியில்லை, ஒரே கட்டி! கொம்பியூட்டரில் யார் வரி வரியாக வாசிக்கிறோம்? மேய்கிறோம். மேய்ந்த கண்ணில் பட்டது இவ்வளவுதான் — அண்ணாவின் பெயர், பக்கத்திலேயே 'சடலம்'.

கதிரை விழ எழும்பிவிட்டேன்.

கபே நடத்துகிற ஜெசிந்தா அக்கா ஓடிவந்தார். "என்ன பிள்ளை, என்ன நடந்தது?"

திரையைக் காட்டினேன். "அண்ணா..."

குனிந்து பார்த்தார். "எது எங்க தொடங்குது எண்டே விளங்கேல்லை. பொறுங்கோ, பிரிச்சுப் பாப்பம்."

பதிவை அப்படியே வேர்டில் ஒட்டினார். எழுத்தைப் பெரிதாக்கினார். முற்றுப்புள்ளி வந்த இடமெல்லாம் என்ரர் தட்டினார். ஷெல் விழுந்தது ஒரு வரி. அந்த ஊர்க் கடைக்காரர் தங்கராசா இறந்தது ஒரு வரி. அவருடைய சடலத்தை அண்ணா தூக்கிக்கொண்டு போனது... இன்னொரு வரி!

"அண்ணா உயிரோட இருக்கிறார், அக்கா!"

அவர் சிரிக்கவில்லை. "ஓம் பிள்ளை. ஆனா தங்கராசா அண்ணையின்ர மனுசி இஞ்ச அன்புவழிபுரத்தில, சொந்தக்காரர் வீட்டில நிக்கிறா. அவவுக்குத் தெரியுமோ?"

என் பையை எடுத்தேன்.

இருவரும் போனோம். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அந்த அம்மா நிலத்தில் குந்திவிட்டார்.

மறுநாள் கோபத்தோடுதான் நிமலனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "தம்பி, பந்தி பிரிச்சு எழுத ஏலாதோ?"

"அழுது அழுது ரைப் பண்ணினனான் அக்கா. என்ரர் தட்ட நினைவே வரேல்லை."

இதற்கு மேல் என்ன ஏசுவது?

அன்று பின்னேரமே பதிவைத் திருத்தியிருந்தார். வெள்ளைப் பின்னணி, பெரிய எழுத்து, சின்னச் சின்னப் பந்திகள். இறந்தவரின் பெயர் தனி வரியில், எல்லாவற்றுக்கும் மேலே.

வலையில் எழுதுகிறவர்களே, தயவுசெய்து பந்தி பிரியுங்கள் — உங்கள் எழுத்துக்குள் யார் யாரைத் தேடுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது!