வெள்ளையடித்த கல்

அம்மாவின் ஓராண்டுத் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது இந்த நினைவு மலரை உங்கள் கையில் தந்திருப்போம். அம்மாவின் பிறப்பையும் பண்பையும் ஒழுங்காக எழுத வேண்டிய இடம் இது. ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்தச் சேமக்காலைதான், அந்தக் கல்லறைத் தோட்டம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது.

அம்மா மன்னார்க் கரையில், கடற்றொழில் செய்த குடும்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தவர். சண்டை ஊரைத் தின்னத் தொடங்கியபோது அப்பாவுடன், கைக்குழந்தையாக என்னையும் தூக்கிக்கொண்டு டென்மார்க் வந்தார். எஸ்பியர்க் துறைமுகத்திலிருந்து உள்ளே, வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு சிற்றூரில் எங்களைக் குடியேற்றினார்கள். அங்கே நாங்கள்தான் முதல் தமிழ்க் குடும்பம். அப்பா மீன் தொழிற்சாலைக்குப் பஸ்ஸில் போவார். அம்மா நாள் முழுக்கக் கதைக்க ஆளில்லாமல் யன்னலில் நிற்பார்.

இரண்டாவது குளிர்காலத்தில் தம்பி பிறந்தான். நெஞ்சில் சளி கட்டி, ஒரு வயதைக் காணாமலே இறந்துவிட்டான். அந்த ஊர்க் கோயில் எங்கள் கத்தோலிக்க சபையினுடையது அல்ல. ஆனாலும் இந்த நாட்டில் ஊரில் எவர் இறந்தாலும் அங்கேதான் அடக்கம். எஸ்பியர்க்கிலிருந்து எங்கள் குருவான சுவாமி வந்து செபம் சொல்லிக் குழியை மந்திரித்தார். வேலி ஓரமாக, பெயர் வெட்டிய சின்னச் சிவப்புக் கருங்கல் ஒன்று வைத்தோம். இந்தப் பக்கத்தில் தமிழருக்கென்று தோண்டிய முதல் குழி அதுதான்.

மன்னாரில், நவம்பர் தொடக்கத்தில் வரும் இறந்த ஆத்துமாக்களின் திருநாளுக்கு முன்னர் கல்லறைகளுக்கு வெள்ளை அடிப்பது நமக்குத் தெரிந்த வழக்கம். அந்தக் கார்த்திகையில் சேமக்காலைப் பொறுப்பாளர் கோயில் மதிலுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார். அம்மா கைச்சாடையால் ஒரு வாளி கேட்டு வாங்கினார். வீட்டுச் சுவருக்காக்கும் என்று அந்த மனிதரும் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் காலையில் பார்த்தால், மெருகேற்றிய கற்களுக்கு நடுவில் தம்பியின் கல் மட்டும் வெள்ளை வெளேரென்று நின்றது. பொறுப்பாளர் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு தூரிகையோடு போய்த் தேய்த்தார்.

“கோயிலுக்கு வெள்ளை அடிக்கலாம், என்ர பிள்ளைக்கு அடிக்கக் கூடாதோ?” என்று அம்மா கேட்டார். அப்பா தேய்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு தேய்த்தும் எழுத்துகளின் பள்ளத்துக்குள் சுண்ணாம்பு நின்றுவிட்டது.

பிறகு பல குடும்பங்கள் வந்தன, வேலை தேடிப் பட்டணங்களுக்குப் போயின. நாங்களும் கோல்டிங்குக்கு மாறினோம். ஆனாலும் ஆத்துமாக்களின் திருநாளில் எஸ்பியர்க்கிலிருந்தும் கோல்டிங்கிலிருந்தும் மெழுகுதிரியோடு எல்லோரும் அங்கேதான் வருவார்கள். ஊரிலுள்ள தங்கள் கல்லறைகளுக்குப் போக முடியாதவர்கள் தம்பியின் கல்லடியில் திரி கொளுத்தி அழுதார்கள். “எங்கட சேமக்காலை” என்று அதைச் சொன்னவர்கள் இந்த மலரையும் வாசிப்பீர்கள். பின்னர் அப்பாவும் இறந்து, அங்கேயே நடைபாதைக்கு மறுபக்கத்தில் அடக்கமானார்.

இந்த நாட்டில் கல்லறை நிலம் சொந்தமில்லை, தவணைக்குத்தான். தவணை முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். உயிரோடு இருக்கும்வரை அப்பாவே அதைப் பார்த்துக்கொண்டார், ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் போனபின் தம்பியின் தவணை முடிந்தது. பழைய முகவரிக்கு அனுப்பிய கடிதம் எங்களுக்கு வந்து சேரவில்லை. கடைசியாக, அலுவலகத்தோடு தொடர்புகொள்ளும்படி கல்லில் ஒரு சின்ன மஞ்சள் அட்டை ஒட்டினார்கள்.

அம்மா அதைக் கண்டார். கண்டு, உரித்து எறிந்துவிட்டார். வேறு ஊரில், விபோர்க்கில் இருந்த எனக்கு அவர் சொல்லவேயில்லை.

அடுத்த கார்த்திகையில் நாங்கள் போனபோது கல் இல்லை. வேலி ஓரம் முழுக்கப் புல் விதைத்து மட்டமாக இருந்தது. அம்மா மெழுகுதிரிப் பையோடு அப்படியே நின்றார். புதிதாக வந்திருந்த பொறுப்பாளர் மரியாதையான இளைஞர்தான். “பிள்ளை கீழேயேதான் இருக்கிறார், கல்லை மட்டும் எடுத்தோம்” என்று டேனிஷில் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். முன்பே அட்டை ஒட்டியதாகவும் அவர் சொன்னார்; அதைத் தான் உரித்ததை அம்மா அப்போதுதான் என்னிடம் சொன்னார்.

“ஏனம்மா அந்த அட்டையை உரிச்சனீங்கள்?”

“சுவாமி மந்திரிச்ச மண், பிள்ளை. அதை ஆர் எடுக்கிறது? கல்லில ஊத்தை ஒட்டியிருந்தது, எடுத்தனான்.”

எனக்கு அம்மாவில் வந்த கோபத்தை விட, ஒரு தாயிடம் அட்டை ஒட்டிப் பதில் கேட்ட முறைமையின் மேல் வந்த கோபம் பெரிது. இன்றுவரை அது ஆறவில்லை.

சேமக்காலைக் கொட்டிலுக்குப் பின்னால், எடுத்த கற்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மழையில் நனைந்து எல்லாம் ஒரே நிறமாகக் கிடந்தன. அம்மா ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போய் ஒன்றில் நின்றார். எழுத்துக்குள்ளே வெள்ளை இருந்தது. அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்து அவர் அழுத அழுகையை நான் அப்பாவின் சாவிலும் கேட்கவில்லை.

கல்லைப் புல்தரையில் திரும்ப வைக்கக் கேட்டோம். முடியாது என்றார்கள், அந்த வரிசையையே கைவிட்டுவிட்டார்களாம். அப்பாவின் நிலத்தில் வைக்க மட்டும் விட்டார்கள்.

“கல் இஞ்ச, பிள்ளை அங்க,” என்று அதன்பின் போகும் ஒவ்வொரு முறையும் அம்மா சொல்வார். “என்னை அவனுக்குப் பக்கத்தில வையுங்கோ” என்பதுதான் அவர் எங்களிடம் கேட்ட ஒரே காரியம். முதியோர் இல்லத்தில் கடைசி மாதங்களில் பல முகங்களை மறந்தார். என்னையே சிலவேளை தாதி என்று நினைத்தார். ஆனால், “அந்தப் புல்லை இண்டைக்கும் வெட்டினவங்களோ?” என்று மட்டும் கேட்டபடி இருந்தார். “இல்லையம்மா” என்பேன். வெட்டியிருப்பார்கள்.

அம்மாவைத் தம்பிக்குப் பக்கத்தில் வைக்க எங்களால் முடியவில்லை. அப்பாவோடு வைத்தோம். நடைபாதைக்கு அப்பால் பிள்ளை.

உறைந்த மண்ணில் குழி தோண்டிய பொறுப்பாளருக்கும், அம்மாவைக் குளிப்பாட்டி உணவூட்டிய இல்லத்துப் பணியாளர்களுக்கும், இறுதிச் சடங்கை நடத்திய சுவாமிக்கும், அந்தக் குளிர்காற்றில் எஸ்பியர்க்கிலிருந்தும் கோல்டிங்கிலிருந்தும் வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று கேட்கிறேன். என்றாவது நீங்கள் அங்கே போகும்போது அம்மாவின் கல்லில் ஒரு மஞ்சள் அட்டையைக் கண்டால், தயவுசெய்து உரிக்காதீர்கள். எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் இல்லையென்றால் எங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்களால் இந்த மலரை வாசிக்க முடியாது, டேனிஷில் சொல்லுங்கள்.