அக்காவின் கம்ப்யூட்டருக்கு மெமரி தேடிய சனிக்கிழமை

வாக்கியத்தின் நடுவிலேயே அந்தக் குரல் நின்றுபோனது. அக்கா கீபோர்டில் விரல்களை வைத்தபடி காத்திருந்தாள். நான் அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தேன். சுட்டி அசையவில்லை. நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னாடி, ஹேங் ஆயிடுச்சா?"

"ஆமாக்கா."

"நீ சொன்னாதான் தெரியுது. அது பேசலன்னா நான் சும்மா ஒரு மேஜை முன்னாடி உக்காந்திருக்கேன், அவ்ளோதான்."

அக்கா கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். விழித்திரையில் வந்த நோய் அவள் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. முதலில் இருட்டில் தடுமாறினாள், பிறகு பக்கவாட்டில் வருகிறவர்கள் தெரியவில்லை, கடைசியில் கரும்பலகையே தெரியாமல் போனது. வேலையை விட்ட பிறகு வெகுகாலம் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தாள். அப்புறம் ஒரு பயிற்சிக்குப் போய், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாள். கம்ப்யூட்டர், அவள் கணவர், அதாவது மாமா, வேலை பார்க்கும் கூரியர் ஆபீசில் பழசைக் கழித்தபோது வாங்கிவந்தது.

பதிவுசெய்த தமிழ்ப் பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொடுக்கும் வேலைக்குச் சென்னையில் ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஆன்லைனில் தேர்வு. நடுவில் நின்றுபோனால் செல்லாது என்று மின்னஞ்சலில் தெளிவாக எழுதியிருந்தார்கள். அன்று நாங்கள் போட்டுப் பார்த்தது மாதிரித் தேர்வு. அது மூன்று முறையும் நின்றுபோனது. பிரவுசர், ஆடியோ, படித்துச் சொல்லும் மென்பொருள் மூன்றும் ஒன்றாக ஓடினால் அந்தக் கம்ப்யூட்டரின் மெமரி தாங்கவில்லை.

"புதுசு ஒண்ணு தவணையில எடுத்துடலாம்" என்றார் மாமா.

"வேணாங்க. இந்த வேல கெடைக்குமான்னே தெரியல. அதுக்குள்ள இன்னொரு தவணையா?" என்றாள் அக்கா. ஆஸ்பத்திரிகளுக்காக அவர் எவ்வளவு அலைந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பேச்சு அங்கே வளர்வது எனக்குப் பிடிக்கவில்லை. "பழசுக்கு மெமரி மட்டும் போட்டா போதும் மாமா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் ஒருமுறை சர்வீஸ் ஆள் வந்து மாற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்ததுதான்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். தூசிக்குள் இரண்டு நீளமான குழிகள் இருந்தன. ஒன்றில் மெமரி பலகை நின்றிருந்தது, மற்றது காலி. இருந்ததன்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும், மதர்போர்டின் நம்பரையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். டிடிஆர் த்ரீ என்ற வகை, நாலு ஜிபி.

சிதம்பரத்தில் முதல் கடைக்காரர் படத்தைப் பார்த்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதெல்லாம் இப்ப புதுசா யாரும் எடுக்கறது இல்லைங்க. டிடிஆர் ஃபோர்தான் இருக்கு. அது இதுல உக்காராது, வெட்டு வேற எடத்துல இருக்கும்." அடிவிளிம்பில் இருக்கும் அந்தச் சின்ன வெட்டைக் காட்டினார். அது குழியில் உள்ள மேட்டோடு பொருந்தினால்தான் பலகை இறங்குமாம். இன்னொரு கடையில் லேப்டாப்புக்கானது இருந்தது. அது பாதி நீளம்தான். மேல வீதிப் பக்கம் மூன்றாவது கடையில் ஒருவழியாக எட்டு ஜிபி டிடிஆர் த்ரீ கிடைத்தது. விலை நான் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவு.

"இது எல்லா போர்டும் எடுக்குமாங்க?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் எடுக்கும். போட்டுப் பாருங்க. எடுக்கலன்னா கொண்டாந்து குடுத்துடுங்க."

அந்தப் 'பெரும்பாலும்' எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் வாங்கினேன்.

சனிக்கிழமை காலையில் கடலூருக்குப் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டியதும் ரோடு வேலைக்காக வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பைக்குள் கை விட்டு அந்தப் பிளாஸ்டிக் உறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டுக்குள் நுழையும்போது அவள் குளித்து, பட்டுக்கரை வைத்த காட்டன் புடவை கட்டி, தேர்வு எழுதப் போகிறவளாகவே உட்கார்ந்திருந்தாள்.

கரண்ட் ஒயரைப் பிடுங்கி, பழையதைக் கழற்றி, புதியது வேலை செய்கிறதா என்று பார்க்க அதை மட்டும் முதலில் போட்டேன். ஒயரைச் சொருகிப் பவர் பட்டனை அழுத்தியதும் விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து 'பீ...' என்று நீளமாக ஒரு சத்தம், விட்டு விட்டு வந்தது.

"எப்பவும் ஒரு சின்ன 'பிப்'தானடி வரும்" என்றாள் அக்கா. "இது அழற மாதிரி இருக்கு."

அணைத்தேன். குழியை மாற்றிப் போட்டேன். அதே சத்தம். கடைக்காரருக்குப் போன் செய்தேன். பலகையில் எத்தனை சிப் இருக்கிறது என்று கேட்டார். இரண்டு பக்கமும் நிறைய என்றேன். "அப்ப அது உங்க போர்டு எடுக்காதும்மா. வேற கம்பெனி பிராசசருக்குன்னே வர்ற டைப்பு. அதான் வெல கம்மி. கழட்டி எடுத்துட்டு வாங்க" என்று வைத்துவிட்டார்.

சரி, பழையதைப் போட்டு இருந்த நிலைக்காவது கொண்டுவருவோம் என்று நினைத்தேன். பழையதைக் குழியில் அழுத்தினேன். பட்டனைத் தட்டினேன். மறுபடியும் அதே நீளமான சத்தம்.

மாமா கதவருகே நின்றிருந்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்ல? இப்ப இருந்ததும் போச்சா?" அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. அக்கா முந்தானை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அதை நான் பார்க்கக் கூடாது என்பதற்காகவே குனிந்து மறுபடி கழற்றினேன். மாமா மேஜை டிராயரிலிருந்து பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்துக் கொடுத்தார். பலகையின் பித்தளை நிற விளிம்பை அதனால் தேய்த்துத் துடைத்தேன். திரும்பப் போட்டேன்.

"நில்லு, ஆன் பண்ணாத" என்றாள் அக்கா. "மொத மொத நீ அத எடுத்தப்ப ரெண்டு தரம் கிளிக்குன்னுச்சு. இப்ப போட்டப்ப ஒண்ணுதான் கேட்டுது. புதுசுக்குக்கூட ரெண்டு கேட்டுது. இந்தப் பழச முன்னாடி போட்டப்பவும் ஒண்ணுதான்."

குனிந்து போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஒரு பக்கத்துக் கொக்கி பலகையைக் கவ்வியிருந்தது. ஒயர்களின் கட்டு மறைத்திருந்த மறுபக்கத்தில் கொக்கி விரிந்தபடியே இருந்தது. பலகை ஒரு நூலளவு மேலே தூக்கி நின்றது. ஒயர்களை ஒதுக்கிக் கட்டைவிரலால் அழுத்தினேன். உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து அழுத்தினேன்.

"இன்னும் அழுத்துடி."

கிளிக் என்றது. பட்டனைத் தட்டியதும் 'பிப்' என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. மாமா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஆனால் நாங்கள் தொடங்கிய இடத்துக்குத்தான் வந்திருந்தோம். தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. மாமா யோசித்தார். "லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் பழைய சிஸ்டம் வாங்கி விக்கறவர் ஒருத்தர் இருக்காரு. எங்க ஆபீஸ் மிஷினெல்லாம் அவுருதான் எடுத்தாரு."

"அப்ப இதே மாதிரி இருக்குமே மாமா!"

"போனா தெரியுது. நம்பர சொன்னா போதுமா?"

"நம்பரு வேணாம். சிபியூவையே தூக்கிக்கலாம். அங்கயே போட்டுப் பாத்துட்டு வருவோம்."

வண்டியின் பின்னால் நான் உட்கார்ந்து சிபியூவைக் குழந்தையை அணைப்பதுபோல் மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளே எதுவோ அசைவதாகத் தோன்றியது. "மெதுவா மாமா" என்றேன். "மெதுவா போனா டைம் ஆயிடும்" என்றவர், அடுத்த பள்ளத்தில் மெதுவாகத்தான் இறக்கினார்.

திருப்பாதிரிப்புலியூரில் அந்தக் கடை பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. உரிமையாளர் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாமா குனிந்து உள்ளே தலையை நீட்டி, "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம்ணே, வீட்டுல பரீட்சை இருக்கு" என்றார்.

"பரீட்சையா? பசங்களுக்கா?"

"என் சம்சாரத்துக்கு."

அவர் ஷட்டரை மறுபடி தூக்கினார். ஒரு டப்பாவிலிருந்து பலகைகளை எடுத்து ஸ்டிக்கர்களைப் பார்த்தார். முதலில் எடுத்தது எட்டு ஜிபி. நான் வேண்டாம் என்றேன். உள்ளே இருப்பது போலவே, அதே டைப், அதே வேகம், நாலு ஜிபி, ஒரு பக்கம் மட்டும் சிப் இருந்தால் அதையே கொடுங்கள் என்றேன். அவர் டப்பாவைக் கவிழ்த்துத் தேடியபோது என்னால் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. ஒன்று கிடைத்தது. இந்த முறை இரண்டு கிளிக்கையும் காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். அவர் கடைத் திரையில் இரண்டும் சேர்ந்து எட்டு ஜிபி என்று வந்தது. புதியதன் விலையில் பாதிகூட அவர் வாங்கவில்லை. மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஒயர்களைச் சொருகி முடித்தபோது தேர்வுக்கான பக்கம் திறந்துவிட்டிருந்தது. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நானும் மாமாவும் சமையற்கட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டோம். குக்கர் விசில் வந்துவிடக் கூடாது என்று அடுப்பையே பற்றவைக்கவில்லை. கீபோர்டின் தட்டல் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அது நிற்கும்போதெல்லாம் மாமா என் முகத்தைப் பார்ப்பார். நான் எட்டிப் பார்ப்பேன். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். மறுபடி தட்டல் தொடங்கும்.

ஒரு தடவை மட்டும் வெகுநேரம் நின்றது. மாமா எழுந்தேவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். பதிவில் பேசியவர் ஏதோ ஊர்ப்பெயரை விழுங்கிவிட்டார், அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன் என்று அக்கா பிறகு சொன்னாள்.

முடித்துவிட்டு வெளியே வந்தவள் சுவரைப் பிடித்தபடி நின்றாள். "எழுதிட்டேன். எப்படின்னு தெரியல. பசிக்குது" என்றாள். மாமா பரோட்டா வாங்க ஓடினார்.

அடுத்த வாரம் வேலை உறுதியானது. இப்போது காலையில் நான் போன் செய்தால், "வேலையில இருக்கேன்டி, சாயங்காலம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாள். முன்பெல்லாம் அவளுக்குப் பொழுது போகவேண்டுமே என்றுதான் அந்த நேரத்தில் கூப்பிடுவேன். இப்போது எனக்குத்தான் பொழுது போகவில்லை.