இலஞ்சிக்குப் போகாத பொங்கல் சாப்பாடு

பிள்ளைகளா, உங்கள் பெரியம்மா இறந்தபின் வந்த முதல் பொங்கலில் நான் செய்த தப்பை எழுதி வைக்கிறேன். மறுநாள் குற்றாலத்துக்கு நீங்களும் கூடத்தான் வந்தீர்கள். ஆனால் அருவியில் குளித்துக்கொண்டிருந்ததால், நாங்கள் பேசியது எதுவும் உங்கள் காதில் விழவில்லை.

துட்டி விழுந்த வீட்டில், அதாவது சாவு நடந்த வீட்டில், ஒரு வருஷத்துக்குப் பொங்கல் பானை வைக்க மாட்டோம். பண்டிகையன்று அந்த வீட்டில் அடுப்பே பற்றவைப்பதில்லை. கூடப்பிறந்தவர்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போக வேண்டும். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. இலஞ்சி வீட்டில் தனியாக இருந்தார். தென்காசியில் நம் வீட்டிலிருந்து பைக்கில் போனால் பத்து நிமிஷம்.

பொங்கலன்று உங்கள் அம்மா தூக்குச்சட்டியில் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, "இலஞ்சிக்குக் குடுத்துட்டு வந்துருங்களேன்" என்றாள்.

"தங்கச்சி வீட்டுச் சாப்பாடுதான் மொதல்ல போகணும். நாம முந்துனா அவ மனசு சங்கடப்படும். அவ போயிட்டு போன் போடட்டும்" என்றேன்.

போன் வரவில்லை. மத்தியானம் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். சாயங்காலம் ஞாபகம் வந்தபோது, இந்நேரம் அவள் வந்துவிட்டுப் போயிருப்பாள், இனி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மாட்டுப் பொங்கல்; நம் பக்கம் அதைக் கரிநாள் என்போம். பொங்கலுக்கு வைத்த கறி, குழம்பில் மிஞ்சியதையெல்லாம் ஒன்றாகக் கொட்டிச் சுண்டவைப்பதுதான் பழங்கறி. வருஷா வருஷம் உங்கள் அத்தை சுந்தரபாண்டியபுரத்திலிருந்து தன் வீட்டு மிச்சத்தைக் கொண்டுவருவாள். நம் வீட்டு மிச்சத்தோடு அதையும் சேர்த்துச் சுண்டவைத்து, சோறு கட்டிக்கொண்டு குற்றாலம் போவோம். அந்த வருஷமும் போனோம். வழியில் பெரியப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டோம்.

ஐந்தருவிப் பக்கம் மரத்தடியில் இலை போட்டதும் அத்தை கேட்டாள்: "பெரியண்ணே, நேத்து சின்னண்ணன் வீட்டு அவியல் எப்படி? மதினி உப்பு போட்டிருந்தாகளா, வழக்கம்போல மறந்துட்டாகளா?"

"உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றார் பெரியப்பா, இலையைப் பார்த்துக்கொண்டே.

உங்கள் அம்மா கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள். "நாங்க கொண்டு போகலயே! நீ போயிட்டு போன் போடுவேன்னுல்லா இவுக காத்துக்கிட்டு இருந்தாக."

"நானா? தென்காசி பக்கம்தான, காலையிலயே போயிருக்கும்னு நான் இருந்துட்டேன்." அத்தை அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்பம் நேத்து என்னத்தண்ணே சாப்பிட்டிய?"

"பிஸ்கட் இருந்துச்சு. ஏட்டி, அழாத. கண்ணீர் விழுந்தா கறியில உப்பு கூடிரும். ஏலே, நீ ஏன் நிக்க? சோத்தப் போடுலே, பசிக்குது."

போட்டேன். அவர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

திரும்பும்போது அவரை வீட்டில் விட்டுவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அடுக்களைத் தரையில் இரண்டு வாழையிலைகள் விரித்தபடியே வாடிக் கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டம்ளர் தண்ணீர். சாப்பாடு கொண்டுவருகிறவரும் கூட உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று முந்தின நாள் போட்டு வைத்திருக்கிறார்.

"அண்ணே, ஒரு போன் போட்டிருக்கலாம்லா?"

"எப்படிலே கேக்க? சோறு கொண்டாங்கன்னா?"

குனிந்து இலைகளை எடுத்தேன்.

நீங்களும் மூன்று பேர். நாளைக்கு உங்களில் ஒருவர் வீட்டில் துட்டி விழுந்தால், இன்னொருவர் போயிருப்பார் என்று இருந்துவிடாதீர்கள். யார் முந்துவது, யார் பிந்துவது என்று பார்க்காதீர்கள். சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். இரண்டு வீட்டுச் சாப்பாடும் போய்ச் சேர்ந்தால் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான்.