வெர்லீனுக்குக் கிடைத்த சட்டம்

வெர்லீன் ஹாப்சன் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. மெம்ஃபிஸில் எங்கள் தெரு முழுக்க அவள் சத்தம்தான் கேட்கும். மகன் ட்ரெமெயின் செத்துப்போனதோடு அது அடங்கிப்போயிற்று. வீட்டில் அவன் பேரை எடுத்தால் புருஷன் எழுந்து வெளியே போய்விடுவார். சர்ச்சில் பேச்சை மாற்றிவிடுவார்கள். பாவம், அவர்களும் என்ன செய்வார்கள்!

அவன் பெட்ரோல் போட நின்றிருந்தான். எவனோ எவனையோ சுட்டான். சாதாரணக் கைத்துப்பாக்கிதான், ஆனால் பின்பக்கம் விரல்நகம் அளவு ஒரு துண்டு மாட்டியிருந்தது. ‘ஸ்விட்ச்’ என்பார்கள். மாட்டினால் ஒரே அமுக்கில் மொத்தக் குண்டும் பாயும். அதில் ஒன்று ட்ரெமெயின் மேல் பாய்ந்துவிட்டது.

அதைக் கடத்தி விற்பவனை உள்ளே தள்ள ஒரு சட்டம் வேண்டுமென்று வெர்லீன் வருஷா வருஷம் மாநிலத் தலைநகர் நாஷ்வில் போவாள். சட்டசபைக் கமிட்டி முன்னால் இரண்டு நிமிஷம் பேசலாம். “என் மகன் ட்ரெமெயின் ஹாப்சன்” என்றுதான் ஆரம்பிப்பாள். அவர்கள் மசோதாவைக் கிடப்பில் போடுவார்கள். கார் ஓட்டிய எனக்கே அலுத்துவிட்டது, அவளைக் கேட்பானேன்.

இந்தத் தடவை, மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினர் லோமாக்ஸ் எங்களை வாசலிலேயே மடக்கினார்.

“வெர்லீன் அம்மா, ஓட்டு தேறிடுச்சு. கமிட்டி தாண்டிட்டா மீதியெல்லாம் சம்பிரதாயம்தான். ஆனா நீங்க பேச வேணாம்.”

“ஏன்?”

“பேசினா கேள்வி வரும். ரெண்டு பேர் மனசு மாறினாலும் போச்சு. எழுந்து உங்க பேரச் சொல்லி, ‘ஆதரிக்கிறேன்’னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துடுங்க.”

“இதுக்கா விடியக்காலையில தலைய வாரிட்டுக் கிளம்பினோம்?” என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சும்மா இருடி டோரா,” என்றாள்.

கூப்பிட்டார்கள். எழுந்தாள்.

“வெர்லீன் ஹாப்சன். ஆதரிக்கிறேன்.”

வாய் இன்னொரு தடவை திறந்தது. லோமாக்ஸ் தரையைப் பார்த்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள். கைகள் உயர்ந்தன, நிறைவேறியது. அடுத்தது வான்கோழி வேட்டை மசோதா. அதற்கு மட்டும் ஆளாளுக்கு வாய் ஓயாமல் பேசினார்கள்.

காரில், கட்டிக்கொண்டு வந்த வறுத்த கோழியை அவள் பிரிக்கவே இல்லை.

“ஜெயிச்சுட்டோமேடி,” என்றேன்.

“ஆமா.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “வருஷத்துக்கு ஒரு தடவ அவன் பேர வாய்விட்டுச் சொல்ல இந்த ஒரு இடம்தான் இருந்துச்சு. இனிமே எதச் சாக்கு வெச்சு இங்க வர்றது, டோரா?”