கதவு ஒழுகாத காலை

லாக்குக்காரரைப் படகுக்காரர்கள் சாம்பலார் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் முறைத்துக்கொண்டே “என்னடா” என்று திரும்புவார்.

அந்தப் பெயர் வந்த விதத்தைச் சொல்ல, லாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் ஆறு ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இறங்குகிறது. படகு ஏறி இறங்க ஒரு கல் தொட்டி கட்டியிருக்கிறார்கள். தொட்டிக்கு மேல்பக்கம் ஒரு ஜோடிக் கதவு, கீழ்ப்பக்கம் ஒரு ஜோடி. கீழேயிருந்து வருகிற படகு உள்ளே நுழைந்ததும் கீழ்க்கதவைச் சாத்திவிட்டு மேல்கதவில் இருக்கும் ஷட்டரைத் தூக்க வேண்டும். தண்ணீர் இறங்கித் தொட்டி நிரம்பும், படகும் கூடவே ஏறும். உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்தால்தான் மேல்கதவு அசையும். ஒரு சாண் குறைந்தாலும் நாலு பேர் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினாலும் நகராது.

கீழ்க்கதவின் அடிமரம் உளுத்துப்போய் வருஷக்கணக்காகிவிட்டது. மேலே எவ்வளவு விட்டாலும் கீழே அவ்வளவும் ஒழுகிவிடும். தொட்டி பாதி நிரம்பி, அப்படியே நின்று மூச்சு வாங்கும். முன்பெல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஏறிப்போன படகு பொழுது சாயும்வரை உள்ளே கிடந்தது. வரிசை ஆற்றின் வளைவைத் தாண்டி நீண்டுவிட, கடைசிப் படகில் இருப்பவன் லாக்கையே பார்க்காமல் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தான்.

சாம்பலார் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். பேக்கரி அடுப்பிலிருந்து சாம்பல், மரம் அறுக்கிற மில்லிலிருந்து தூள், இரண்டையும் கலந்து கூடையில் வைத்துக்கொள்வார். சாத்திய கதவின் உட்பக்கமாகக் கையால் விசிறிக் கொட்டினால், ஒழுகிப் போகிற தண்ணீரே அதை இழுத்துக்கொண்டுபோய் இடுக்கில் திணித்துவிடும். பிடித்தால் ஒரு படகு ஏறும்வரை தாங்கும். பல நாள் பிடிக்காது, கூடை கூடையாகப் போய்க் கீழே ஆறு கறுத்ததுதான் மிச்சம்.

“மத்தவங்க வேலை முடிஞ்சு வந்தா கையில ஏதாச்சும் பொட்டலம் இருக்கும். நீங்க வந்தா தலைமயிரெல்லாம் சாம்பல். வாசல்லயே உதறிட்டு வாங்க, உள்ள இப்பத்தான் பெருக்கினேன்” என்பாள் அவர் மனைவி.

அவர்களுக்கு ஒரே மகள். படகுக்காரனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கீழ்த்துறையில் கோதுமை ஏற்றி மேலே மாவு மில்லுக்குக் கொண்டுபோவது மாப்பிள்ளைக்குத் தொழில். படகிலேயே குடித்தனம். லாக்கைக் கடக்கும்போதெல்லாம் மகள் கரைக்குத் தாவி வந்து அம்மா கையால் சாப்பிடுவாள், அப்பாவின் சட்டைக் காலரைப் பார்த்துத் திட்டுவாள், படகு ஏறி முடிந்ததும் மறுபடி தாவிப் போய்விடுவாள். அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த சுகம் அவ்வளவுதான். அதுவே அவருக்குத் தாராளமாக இருந்தது.

மாவு மில் மேனேஜர் ஒருநாள் படகுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கோதுமை ஈரத்தில் கிடந்து முளைவிடுகிறது, இந்த அறுவடைக்குள் லாக்கு சரியாகாவிட்டால் லாரிதான். அதற்கப்புறம் அவர்கள் மனு மேல் மனு போட்டதில் லாக்குகளைக் கவனிக்கிற அதிகாரி நேரில் வருவதாகத் தகவல் வந்தது. இந்த வருஷம் ஒரு ஜோடிக் கதவுக்குத்தான் அனுமதி. ஆற்றில் எந்த லாக்கு ரொம்ப மோசமோ அதற்குத்தான் கிடைக்கும்.

மாப்பிள்ளை வீட்டுக்கே வந்து நின்றான். அதிகம் பேசுகிறவன் இல்லை.

“மாமா, அந்தாளு வர்ற அன்னைக்கு மட்டும் சாம்பலைத் தொடாதீங்க. என் படகைத்தான் உள்ள விடப்போறோம். ஏறாம கிடக்கட்டும். அவர் கண்ணால பார்க்கட்டும்.”

“எனக்குத் தெரியாதாடா? நான் என்ன சின்னப்பிள்ளையா?”

“இல்ல மாமா, சொல்லி வைக்கிறேன்.”

“சொல்லிட்டேல்ல, சாப்பிட்டுப் போ.”

அதிகாரி காலையிலேயே ஜீப்பில் வந்து இறங்கினார். கூட ஒரு உதவியாளர், குடை, கையில் அட்டை. கரை முழுக்கப் படகுக்காரர்கள் வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் படகு தொட்டிக்குள் இருந்தது. பின்பக்கம் அவன் நின்றான், மகள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். சாம்பலார் கீழ்க்கதவைச் சாத்தினார், ஷட்டரைத் தூக்கினார். தண்ணீர் பாய்ந்தது. பாதி வரை ஏறியது. நின்றது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கதவின் அடியில் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே போவது கரை வரை கேட்டது. அதிகாரி எட்டிப் பார்த்திருந்தால் போதும். அவர் பார்த்ததோ கைக்கடிகாரத்தை. பிறகு உதவியாளர் பக்கம் திரும்பி, ஒன்றும் ரகசியம் இல்லாத குரலில், “கதவு சரியில்லையா, இல்ல இந்தாளுக்கு வேலை தெரியலையா?” என்றார்.

உதவியாளர் சிரித்தார்.

சாம்பலாருக்குக் காதெல்லாம் சூடானது. வாலிபத்தில் அந்த லாக்குக்கு வந்தவர் அவர். வெள்ளத்திலும் காய்ச்சலிலும் கதவைத் திறந்திருக்கிறார். வேலை தெரியாதவன் என்று அவரை அதுவரை யாரும் சொன்னதில்லை. சாம்பல் கூடை கதவோர மூலையில் இருந்தது. ‘வேண்டாம்’ என்று மனசு சொல்லி முடிப்பதற்குள் கை கூடைக்குள் போய்விட்டது. ஒரு விசிறு. இன்னொன்று. தண்ணீர் கறுத்துச் சுழன்றது. மூன்றாவது கைப்பிடியில் கீழே சத்தம் அப்படியே அடங்கியது.

மற்ற நாளெல்லாம் மூன்று கூடைக்கும் மசியாத இடுக்கு, அன்றைக்கென்று கோந்து வைத்து ஒட்டியது போல அடைத்துக்கொண்டது.

படகு ஏறியது. முதலில் மாப்பிள்ளையின் தலைமயிர் தெரிந்தது, அப்புறம் நெற்றி, அப்புறம் கண். கல் விளிம்புக்கு மேலே அந்த முகம் மெல்ல மெல்ல வந்து மாமனாரின் முகத்துக்கு நேரே நின்றது. அதில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். மேல்கதவு விரல் பட்டதுமே திறந்தது.

“நல்லாத்தானே இருக்கு. நல்லா வச்சிருக்கீங்க பெரியவரே” என்று அதிகாரி அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் படகுக்குத் திரும்பினார்கள். வயசான ஒரு படகுக்காரர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே, “கை ராசி யாரை விட்டது” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சாம்பலார் மறுநாளே பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி உட்காரச் சொன்னார். மரியாதைக்குக் குறைவில்லை.

“சார், அது ஒழுகுது. நீங்க வந்தப்போ நான் சாம்பல் போட்டு அடைச்சுட்டேன்.”

“ஏன் அடைச்சீங்க?”

சாம்பலார் தலையைச் சொறிந்தார்.

“நான் பார்த்ததைத்தான் எழுத முடியும் பெரியவரே. கதவு வேற லாக்குக்குன்னு எழுதியாச்சு. அங்க தண்ணி நிக்கவே இல்ல.” கொஞ்சம் யோசித்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார், “உங்களுக்குத்தான் அடைக்கத் தெரியுதே. அடுத்த முறை வர்ற வரைக்கும் அப்படியே சமாளிச்சுக்கங்க.”

சமாளித்தார். சாம்பல் ஒருநாள் பிடித்தது, நாலு நாள் பிடிக்கவில்லை. அறுவடை முடிவதற்குள் மில் வாசலில் லாரிகள் நின்றன. வரிசை தானாகக் குறைந்தது. படகுக்காரர்கள் லாக்கைக் கடக்கும்போது கயிற்றைத் தூக்கிப் போடுவார்கள், எடுப்பார்கள், போவார்கள். சாம்பலாரே என்ற கூப்பாடு நின்றுபோனது. அந்தப் பெயர் பிடிக்காதது போல இத்தனை வருஷம் முறைத்தவர், யாராவது கூப்பிட மாட்டார்களா என்று கரையில் நின்று பார்த்தார்.

மகள் ஒருநாள் தனியாக நடந்தே வந்தாள். படகை விலை பேசியாகிவிட்டது, தூரத்து நகரத்தில் கிடங்கு வேலை, சனிக்கிழமை பஸ் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே தட்டில் இருந்ததைப் பிசைந்தாள், சாப்பிடவில்லை. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனதும் அப்பாவைப் பார்த்தாள்.

“ஏன்பா போட்டீங்க?”

“வேலை தெரியாதவன்னு சொல்லிட்டான்மா.”

“சொன்னா சொல்லிட்டுப் போறான். அவன் யாரு நமக்கு?”

“எல்லாரும் நின்னுக்கிட்டிருந்தாங்க.”

“எல்லாருக்கும் உங்களைத் தெரியும்பா. தெரியாதவன் அவன் ஒருத்தன்தான்.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.

சனிக்கிழமை அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. மனைவி மட்டும் போனாள். படகை வாங்கியவன் அன்று காலையிலேயே அதை மேலே கொண்டுபோக வந்து நின்றான். புது ஆள், உடம்பெல்லாம் அவசரம். படகு தொட்டிக்குள் வந்தது. மூட்டை இல்லாத தளத்தில் மகள் துணி காயப்போடுகிற கொடிக்கயிறு அப்படியே இருந்தது. சாம்பலார் கதவைச் சாத்தி, ஷட்டரைத் தூக்கி, கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். தண்ணீர் பாதியில் நின்றது.

“பெரியவரே, சாம்பல் போட்டா ஏறும்னாங்களே?”

“தீர்ந்துபோச்சு.”

அவன் அவர் காலடியில் இருந்த நிறைந்த கூடையைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு படகின் ஓரத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். சாம்பலார் கொடிக்கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஏறிய பஸ் நகரத்தைப் பார்த்துப் பாதி தூரம் போயிருக்கும். கதவின் அடியில் தண்ணீர் சீறிக்கொண்டே இருந்தது.