கார்டு கண்ட கை

காமினோசே ரயில் ஸ்டேஷனில் அடி வாங்காத ஊழியர் கிடையாது. ‘வன்முறை குற்றம்’ என்று நாங்களே சுவரொட்டி ஒட்டுவோம்; அதன் கீழேயே நின்று அறை வாங்குவோம். வாங்கிவிட்டுக் குனிந்து மன்னிப்பும் கேட்போம். எங்களில் அதிகம் வாங்கியவள் நிஷிகோரி சுமியே. ஒரு குடிகாரன் குடையால் குத்தி அவள் விலா எலும்பை முறித்திருக்கிறான். அடித்த புருஷனை விட்டு வந்துதான் இந்த வேலையில் சேர்ந்தாள். அங்கேயும் சரி, இங்கேயும் சரி, திருப்பி ஒரு சொல் சொன்னதில்லை. எனக்கே எரிச்சலாக வரும்.

“நீங்க மனுஷியா, மிதியடியா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வேலை போச்சுன்னா நீ சோறு போடுவியா, மியாகே? பேசாம நூடுல்ஸைத் தின்னு,” என்றாள்.

அன்று காலை மழை. பிளாட்பாரத்தில் எள் விழ இடமில்லை. வழக்கம்போல் நாங்கள் கூட்டத்தை ரயில் பெட்டிக்குள் தள்ளி அடைத்ததும் கதவு மூடியது. சுமியே வெள்ளைக் கையுறை போட்ட கையை உயர்த்தினால்தான் கடைசிப் பெட்டியிலிருக்கும் கார்டு வண்டியை விடுவார். அவள் உயர்த்தவில்லை. வெளியே நின்ற ஒரு பள்ளி மாணவியின் பை வார் கதவிடுக்கில் மாட்டி, தோளை இறுக்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, ஏற முடியாத கோட்டுக்காரன் ஒருவன் சுமியே மேல் பாய்ந்தான்.

“என்னை ஏண்டி ஏத்தாம விட்ட?” கன்னத்தில் ஓங்கி ஒரு அறை.

“மன்னிச்சிடுங்க,” என்று வழக்கம்போல் குனிந்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி மேலே தூக்கினான்.

கார்டுக்குத் தெரிந்தது தலைகளுக்கு மேலே உயர்ந்த வெள்ளைக் கையுறை மட்டும். வண்டி நகர்ந்தது.

மாணவி அலறினாள். சுமியே அவன் கையைக் கடித்தாள். ரத்தம் வந்தும் விடவில்லை. முழங்காலால் அடிவயிற்றில் இடித்தாள். சுருண்டவனை மிதித்துத் தாண்டி ஓடி, தூணிலிருந்த அவசரப் பொத்தானைக் குத்தினாள். வண்டி நின்றபோது மாணவியின் முழங்கால் சதை கிழிந்து தொங்கியது. உயிர் இருந்தது.

மறுநாள் அவன் கையில் கட்டோடு அலுவலகத்துக்கு வந்து நின்றான்.

“மன்னிப்புக் கேளுங்க, நிஷிகோரி. இல்லன்னா உங்க வேலைய என்னால காப்பாத்த முடியாது,” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

சுமியே அவன் முன்னால் போய் நின்றாள். ஆனால் அவள் குனியவில்லை.

“நான் மன்னிப்பு அந்தப் பொண்ணுகிட்டதான் கேக்கணும். முத அறையிலேயே உன்னைக் கடிச்சிருந்தா அவ கால் தப்பிச்சிருக்கும்.”

அவன் கட்டுப் போட்ட கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். அன்று மதியமே அவளுடைய சீருடையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.