ஏழு நாளும் சிரித்த பிள்ளை

பாடசாலைச் சமூகப் பணி என்பது ஒரு பிள்ளை “ஒண்டுமில்ல மிஸ்” என்று சொல்லி முடித்த பிறகு தொடங்குகிற வேலை. கல்முனைப் பக்கத்தில் ஒரு மகளிர் பாடசாலையில் பல வருடமாக இதைச் செய்கிறேன். அந்த “ஒண்டுமில்ல”வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிய என்னிடம் இருந்தவை இரண்டு கண், இரண்டு காது, ஒரு பழைய ஸ்கூட்டி. பிறகு ஒருநாள் தலைமைக் காரியாலயம் ஒரு டெப் கணினியையும் அதற்குள் ஒரு செயலியையும் வைத்துத் தந்தது. அன்றிலிருந்து எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. உங்கள் கையிலும் இப்படி ஒன்றைத் திணித்திருந்தால் நீங்கள் என் கட்சி, வாசியுங்கள். இந்தக் குழப்பத்தில் ஸஹ்லா என்ற பிள்ளை பதினோராம் வகுப்பு முடிவில் எழுத வேண்டிய சாதாரணதரப் பரீட்சையே கைநழுவப் பார்த்தது.

ஐந்து முகங்கள்

மாணவி தினமும் வீட்டுப் போனில் செயலியைத் திறக்க வேண்டும். “இன்று எப்படி இருக்கிறீர்கள்?” என்று அது கேட்கும். கீழே ஐந்து முகங்கள் இருக்கும். வாய் நிறையச் சிரிப்பது ஒரு கோடி, கண்ணீர் விட்டு அழுவது மறுகோடி. சிரிப்பை அமத்தினால் பிள்ளையின் பெயர் என் டெப்பில் பச்சையாகும், அழுகையை அமத்தினால் சிவப்பாகும். வெள்ளிக்கிழமைகளில் அந்த வாரத்து ஏழு முகங்களும் வரிசையாகப் பெற்றோரின் போனுக்கும் போகும். இந்தக் கடைசி விசயத்தை நான் பதிவு செய்யும்போது வாசித்தேன், அடுத்த நாளே மறந்துவிட்டேன்.

பதினோராம் வகுப்புக்கு முதலில் பழக்கினேன். டெப்பைக் கையில் வாங்கிய அத்தனை பேரும் பெரிய சிரிப்பையே அமத்தினார்கள். ஸஹ்லாவின் முறை வந்தது. வீங்கிப் போன கன்னத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு மறு கையால் சிரிப்பை அமத்தினாள். எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறிக்கொண்டிருக்கிறவரிடம் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் இறைவனைப் புகழ்கிற ஒரே பதில்தான் வரும் என்பது எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். “பல்லு வலியோட ஏன் புள்ள சிரிப்ப அமத்தின?” என்று கேட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“அது பல்லப் பத்தியா மிஸ் கேட்டது? எப்படி இரிக்கீங்க எண்டுதானே கேட்டது. அல்ஹம்துலில்லாஹ்.”

பாத்திமாக்கள்

ஒரு புதன்கிழமை அதிசயமாக ஒரு சிவப்பு வந்தது. திரையில் அப்போது பெயரின் முதல் சொல் மட்டும்தான் தெரியும், முழுப் பெயரும் காட்டத் தொடங்கியது பிறகுதான். “பாத்திமா மிகுந்த கவலையில் இருக்கிறார்” என்றது செயலி. அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பாத்திமா. பாத்திமா நஸ்ரின், பாத்திமா றிஸ்னா, பாத்திமா ஸஹ்லா என்று நீளும்.

வேறு வழியில்லாமல் எல்லாப் பாத்திமாக்களையும் ஒவ்வொருவராக என் அறைக்குக் கூப்பிட்டேன். நான் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு யாரும் எழும்பிப் போகவில்லை. ஒருத்திக்கு மூத்த ராத்தாவோடு சண்டை, ஒருத்திக்குக் கணிதம் ஏறவில்லை, ஒருத்தி காரணம் சொல்லாமலே அழுதாள். பாடசாலை விடும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். சிவப்பை அமத்தியது யார் என்று இன்றுவரை தெரியாது. கடைசியாகப் போன பாத்திமா கதவடியில் திரும்பிச் சொன்னாள்.

“அவ ஆரெண்டாலும் அவக்கு நன்ம கிடைக்கட்டும் மிஸ். அவ அமத்தாட்டி நீங்க எங்களக் கூப்பிட்டிரிக்க மாட்டீங்க.”

பட்டினிப் பாடசாலை

நோன்பு மாதத்தில் எங்கள் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. செயலிக்கு விடுமுறை இல்லை. அது முகம் கேட்ட கையோடு, “நேற்றிரவு நன்றாகத் தூங்கினீர்களா? இன்று பகல் உணவு சாப்பிட்டீர்களா?” என்றும் கேட்கும். இரவு தொழுகை, விடிய முன்னம் ஸஹர் சாப்பாடு, பகலெல்லாம் நோன்பு. நோன்போடு பொய் சொல்லலாமா? பிள்ளைகள் இரண்டுக்கும் “இல்லை” என்று உள்ளதைச் சொன்னார்கள். முழுப் பாடசாலையும் ஒரே நாளில் சிவந்துவிட்டது.

தலைமைக் காரியாலயத்து இணைப்பாளர் சேர் பதறிப் போய் அழைத்தார். நான் விளக்கினேன். நல்ல மனிதர்தான், அவரும் என்னைப் போல அந்தச் செயலியிடம் மாட்டிக்கொண்டவர். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்.

“எனக்கு விளங்குது மிஸ், கம்பியூட்டருக்குத்தான் விளங்காது. பெருநாள் வரைக்கும் உங்கட பாடசாலை பட்டினியாவே கிடக்கட்டும்.”

வேலை செய்யாத பொத்தான்

பெருநாள் முடிந்து பாடசாலை திறந்தபோது ஸஹ்லா வரவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. உம்மா சவூதிக்கு வேலைக்குப் போய்விட்டார், வாப்பா ஆழ்கடல் படகில் போனால் கரைக்கு வர வாரக்கணக்காகும் என்று வகுப்பாசிரியை சொன்னார். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. மாதம் முடியுமுன் பிள்ளை வந்து மாதிரிப் பரீட்சை எழுதாவிட்டால் விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று பாடசாலை அதிபர் சொல்லிவிட்டார்.

டெப்பைத் திறந்து பார்த்தால் ஸஹ்லா பச்சை. தினமும் சிரிப்பு. இதில்தான் நான் குழம்பினேன். துன்பத்தில் இருக்கிற பிள்ளை ஒருநாள் தவறாமல் சிரிப்பாளா? பாடசாலையில்லாமல் சந்தோசமாக இருக்கிறாளா? பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க அனுமதி கேட்கும் பொத்தானை அமத்தினேன். பச்சையான பிள்ளைக்கு அந்தப் பொத்தான் வேலை செய்யவில்லை. ஸ்கூட்டியில் ஏறிப் போவதற்குப் பொத்தான் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், எனக்கு இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று நான் இணைப்பாளர் சேருக்குப் போன் எடுத்தேன்.

“பச்சைக்குப் போக ஏலாது மிஸ். அந்தப் புள்ளைக்கு ஏதும் நடந்து சிவப்பாகினாப் பிறகு போங்க.”

உம்மாவின் குரல்

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. ஸஹ்லாவின் உம்மா. பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பதிவு செய்தபோது பெற்றோர் என்று நான் எழுதியது அவருடைய இலக்கத்தை. அவர் அதே வட்ஸ்அப்போடு சவூதிக்குப் போயிருக்கிறார். வாராவாரம் மகளின் ஏழு முகங்களும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஒரு மாதமாக நான் பார்த்து ஏமாந்த அதே முகங்களை அவரும் பார்த்திருக்கிறார்.

“மிஸ், எண்ட புள்ள ஏழு நாளும் சிரிக்கிற புள்ள இல்ல. கத்துவா, மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவா, மறுகா வந்து கட்டிப் புடிப்பா. ஒரு மாசமா ஒரே சிரிப்பு. அல்லாவுக்காக ஒருக்காப் போய்ப் பாருங்க மிஸ்.”

சாய்ந்தமருதில் ஒரு வீடு

பதிவு முடியுமுன் ஸ்கூட்டி கிளம்பிவிட்டது என்றே வையுங்கள். சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கத்துக் குறுக்கு வீதி ஒன்றில் வீடு. ஸஹ்லா இரண்டு வயதுத் தங்கை நுஹாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். அதே பெரிய சிரிப்பு.

உம்மாவின் தங்கை, சாச்சிதான் நுஹாவைப் பார்ப்பதாக ஏற்பாடு. நோன்பு கடைசியில் சாச்சி கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதோடு ஸஹ்லா, உம்மாவுக்கும் சொல்லாமல், வீட்டில் நின்றுவிட்டாள். “எனக்கு ஏன் சொல்லல்ல?” என்றேன். “நான் அழுற மூஞ்ச அமத்தினா உம்மாக்குப் போகுமே மிஸ். வேலய உட்டுட்டு வந்திடுவா. உம்மாவ வரவெச்சிட்டன் எண்டு எல்லாரும் என்னத்தானே செல்லுவாங்க” என்றாள். அந்த இலக்கத்தைப் போட்டவள் நான். இந்தப் பிள்ளை அழுவதற்கு இருந்த ஒரே வழியையும் நானே கொண்டுபோய் உம்மாவின் போனில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். உம்மாவின் குரல் பதிவை ஓட விட்டேன். அவள் கேட்டு அழுதாள், அவளைப் பார்த்து நுஹாவும் அழுதாள், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு அவள் கேட்டாள்.

“அப்ப இடக்கிட ரெண்டு நாளைக்குக் கோவ மூஞ்ச அமத்தியிருந்தா உம்மா நம்பியிருப்பாவா மிஸ்?”

முப்பது தரம் மாறிய மனசு

சாச்சியின் காலில் கட்டு அவிழ்க்கும் வரை நுஹாவை என் அறையில் வைத்துக்கொள்வதாக அதிபரிடம் சொன்னேன். இது பாடசாலையா பாலர் நிலையமா என்று அவர் கேட்டார். இரண்டும்தான் சேர் என்றேன். அவர் மறுக்கவில்லை. திங்கட்கிழமை ஸஹ்லா சீருடையோடு வந்து, என் டெப்பில் தன் பெயரைத் திறந்து, கொஞ்ச நேரம் யோசித்து, வாடிய முகத்தை அமத்தினாள். நுஹாவை என் மடியில் விட்டுவிட்டு மண்டபத்துக்கு ஓடினாள். அங்கே கணித மாதிரிப் பரீட்சை.

நுஹாவுக்கு அழுகை. அதை நிறுத்த என் மேசையில் இருந்தது டெப் ஒன்றுதான். நிமிர்ந்து பார்க்கும்போது குழந்தை ஐந்து முகங்களையும் மாறி மாறி அமத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இணைப்பாளர் சேரின் அழைப்பு. பத்து நிமிடத்தில் ஸஹ்லாவுக்கு முப்பது தரம் மனசு மாறியிருக்கிறதாம், உடனே ஒரு நிபுணரை அனுப்பவா என்றார். வேண்டாம் சேர், பால்மா அனுப்புங்கள் என்றேன்.

அந்த வாரம் ஸஹ்லா எல்லா வினாத்தாளும் எழுதினாள். வெள்ளிக்கிழமை காலை அதிபர் விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நுஹாவைத் தூக்கிச் சுற்றினேன், அவ்வளவு சந்தோசம். பின்னேரம் அந்த வாரத்து முகங்கள் சவூதிக்குப் போய்ச் சேர்ந்தன. நான் விளக்கம் எழுத முன்னமே உம்மாவின் குரல் வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் கலந்த குரல்.

“அழுது, சிரிச்சி, கோவிச்சி, மறுகாச் சிரிச்சி... இப்பதான் மிஸ் எங்கட ஊடு மாதிரி இரிக்கு. இதுல நுஹாட கையும் இரிக்கு. ரெண்டு பேரும் இப்ப உங்களோடதானே?”

இப்போதெல்லாம் சிவப்பு வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டுக் கதைக்கிறேன், பச்சை தொடர்ந்து வந்தால் வீட்டுக்கே போய்விடுகிறேன். இதில் நான் செயலியை நடத்துகிறேனா, அது என்னை நடத்துகிறதா என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.